விலைக்காக நீக்கிய தீர்வை: எவர்சில்வர் தகடும் 2022 நிதிநிலை உரையின் ஒரு வாக்கியமும்

2022 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வாசித்த நிதிநிலை உரையில் ஒரு வாக்கியம் உண்டு. சில வகை உருக்குத் தகடுகள், கம்பிகள் மீது இருந்த பொருள் குவிப்புத் தடுப்பு வரியும், அயல்நாட்டு அரசுகள் கொடுக்கும் மானியத்துக்கு எதிராக விதிக்கப்படும் ஈட்டுத் தீர்வையும் விலக்கிக்கொள்ளப்படுவதாக அது அறிவித்தது. பரந்த பொதுநலன், உலோகங்களின் அப்போதைய உயர்ந்த விலை என்று இரண்டு காரணங்களைக் காட்டியது. சீனாவிலிருந்து வரும் துருப்பிடிக்கா உருக்குத் தகட்டுக்கு 2017 முதல் இருந்த 18.95 விழுக்காட்டு ஈட்டுத் தீர்வையை ரத்து செய்யும் அறிவிக்கையும் அன்றே வந்தது.

அந்த வாக்கியத்துக்கு ஒரு பொருள் இன்று ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. இந்தியச் சட்டத்தில் எழுதப்படாத ‘பொதுநலன் சோதனை’ ஒன்று நடைமுறையில் உருவாகிவிட்டது என்றும், சிறு, குறு உற்பத்தியாளர்களும் நுகர்வோரும் ஒரு பக்கம், பெரிய உருக்காலைகள் மறுபக்கம் என நிறுத்துப் பார்த்து அரசு முடிவெடுத்தது என்றும் ஒரு சாரார் எழுதிவருகின்றனர். இக்கட்டுரை அதை மறுக்கிறது. இரண்டு காரணங்களில் உண்மையில் வேலை செய்தது விலைதான் என்றும், பொதுநலன் அதற்குப் போர்த்திய உறை என்றும் வாதிடுகிறது. தீர்வை நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வி அல்ல. எந்தக் காரணத்துக்காக விதித்ததை எந்தக் காரணத்துக்காக எடுத்தார்கள் என்பதே கேள்வி.

1

1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தில் ஈட்டுத் தீர்வைக்கு 9ஆம் பிரிவு, பொருள் குவிப்புத் தடுப்பு வரிக்கு 9அ பிரிவு. பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகள் என்பதால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 9அ பிரிவு விசாரிப்பது ஏற்றுமதியாளர் என்ன விலைக்கு விற்றார் என்பதை. 9ஆம் பிரிவோ, அந்தப் பொருளின் செலவில் ஒரு பங்கை அவருடைய அரசு ஏற்றதா, ஏற்றதென்றால் எவ்வளவு என்று கேட்கிறது. முன்னதில் குற்றம் விலையிலும் பின்னதில் கருவூலத்திலும் இருக்கிறது.

2017 செப்டம்பர் 7 அன்று விதிக்கப்பட்ட தீர்வை இந்த இரண்டாம் வகை. இறக்குமதி செய்து இறக்கிய மதிப்பில் 18.95 விழுக்காடு, அதே சரக்குக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். காலம் ஐந்தாண்டு. சந்தையில் தகட்டின் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த விழுக்காடு மாறாது. மாறவேண்டுமென்றால் மானியமோ, அதனால் உள்நாட்டுத் தொழிலுக்கு ஏற்படும் பாதிப்போ மாறியிருக்கிறது என்று மறு ஆய்வில் நிறுவவேண்டும். 1995ஆம் ஆண்டு விதிகள் அதற்கென வழி வகுத்துள்ளன.

அப்படியொரு மறு ஆய்வு முடிந்து 2022 பிப்ரவரி அறிவிக்கை வரவில்லை. என் வாசிப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

2

வாக்கியத்தைத் தனியாகப் பிடுங்கி எடுத்தால் ‘பொதுநலன்’ என்ற சொல்தான் கண்ணில் படும். அது நின்ற இடத்தில் வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அதற்கு முந்தைய வாக்கியம், பழைய இரும்புக்கு முந்தைய ஆண்டு தந்த சுங்க விலக்கை மேலும் ஓராண்டு நீட்டுகிறது. சிறு உருக்கு உற்பத்தியாளர்களுக்கு நிவாரணம் என்கிறது. 2021 உரையில் இதற்கு நேரான பத்தி, இரும்பு, உருக்கு விலை ஏற்றத்தால் சிறு தொழில்கள் அடிபட்டுள்ளன என்று தொடங்கி, தகடு, கம்பி ஆகியவற்றின் அடிப்படைச் சுங்க வரியை 7.5 விழுக்காடாகக் குறைத்து, பழைய இரும்புக்கு விலக்கு அளித்து, அதே வரிசையில் தீர்வைகளையும் விலக்குகிறது. இரண்டு ஆண்டும் ஒரே தாளம். ஈட்டுத் தீர்வை அங்கே விலையைக் குறைக்கும் பல வழிகளுள் ஒன்றாக வரிசையில் நிற்கிறது. மானியத்தைப் பற்றி அந்தப் பத்திகள் பேசுவதே இல்லை.

நாள்வரிசையும் இதையே சொல்கிறது. 2021 பிப்ரவரி 2 முதல் செப்டம்பர் 30 வரை தீர்வை நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு அந்த நிறுத்தம் 2022 ஜனவரி 31 வரை நீண்டது. மறுநாள் தீர்வையே போயிற்று. இந்தோனேசியத் தகட்டுக்கு 2020 அக்டோபரில் விதித்த தற்காலிக ஈட்டுத் தீர்வையும் 2021லேயே விலகிவிட்டது. மானிய விசாரணை இப்படித் தவணை வைத்து நடப்பதில்லை. சந்தை நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு முடிவைத் தள்ளிப்போடுபவர் நடந்துகொள்ளும் முறை இது.

இதைவிட வலுவான சான்று 2022 மே மாதத்தில் கிடைக்கிறது. மே 21 அன்று அரசு, துருப்பிடிக்கா உருக்குத் தகடு உள்ளிட்ட பல உருக்குப் பொருள்களுக்கு 15 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. நவம்பர் 19 அன்று அதை எடுத்தது. ஏற்றுமதி வரிக்கும் சீன மானியத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்நாட்டில் சரக்கைத் தேக்கி விலையை இறக்குவது மட்டுமே அதன் வேலை. பிப்ரவரியில் இறக்குமதிக் கதவைத் திறந்ததும் மே மாதத்தில் ஏற்றுமதிக் கதவைச் சாத்தியதும் ஒரே கொள்கையின் இரு அடிகள். முன்னதை மட்டும் பிரித்தெடுத்துப் ‘பொதுநலன் சோதனை’ என்று பெயர் சூட்டுவோர் பின்னதை எங்கே வைப்பார்கள்?

அந்தக் கொள்கை தன் நோக்கத்தையாவது எட்டியதா என்றால், அதுவும் ஐயமே. தீர்வை போன ஐந்தாவது வாரம், மார்ச் 8 அன்று, லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் விலை டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி வணிகமே நிறுத்தப்பட்டது. அந்தக் குழப்பத்தின் நடுவில் இருந்தது சீனாவின் சிங்ஷான் குழுமம். இந்தோனேசியாவில் பெரும் துருப்பிடிக்கா உருக்காலைகளை நடத்துவதும் அதே குழுமம். 18.95 விழுக்காட்டைத் தள்ளுபடி செய்வதால் அடக்கக்கூடிய விலை அல்ல அது.

விலைக்காக ஒரு கருவியைப் பயன்படுத்தினால் அது இரு திசையிலும் திரும்பவேண்டும். ஏற்றுமதி வரி திரும்பியது. விலை இறங்கியதும் நீங்கியது. ஈட்டுத் தீர்வை திரும்பாது. ஒருமுறை ரத்தானால் மனு, விசாரணை, பரிந்துரை, அறிவிக்கை என்று முதலிலிருந்து வரவேண்டும். 2022 செப்டம்பரில் குஜராத் உயர் நீதிமன்றம் ரியல்ஸ்ட்ரிப்ஸ் நிறுவனத்தின் வழக்கில் பிப்ரவரி அறிவிக்கையை ரத்து செய்ததன் உட்பொருளும் ஏறத்தாழ இதுவே: விதிகள் சொல்லும் ஆய்வு நடத்தி விதித்ததை, அத்தகைய ஆய்வு இல்லாமல் எடுக்கமுடியாது. தீர்ப்பின் சட்ட விளைவுகளைச் சட்டவியலாளர்களுக்கு விடுகிறேன். நீக்கத்தின் தன்மையை அது சரியாக அடையாளம் கண்டது என்பதே இங்கு எனக்குப் போதும்.

3

எதிர்த்தரப்பின் கையில் நல்ல சீட்டு ஒன்று உண்டு. பின்னர், இத்தகைய தீர்வைகளை விசாரித்துப் பரிந்துரைக்கும் வணிகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம் தீர்வையைத் தொடரலாம் என்று 2023இல் பரிந்துரைத்தபோதும் நிதியமைச்சகம் இசையவில்லை. அப்போது விலை 2022இல் இருந்த உச்சத்தில் இல்லை. அப்படியானால் மறுப்புக்குக் காரணம் விலை அல்ல, பொதுநலன்தானே?

இதை ஓரளவு ஒப்புக்கொள்ளவேண்டும். 2023 முடிவை விலை ஒன்றை மட்டும் வைத்து விளக்க இயலாது. ஆனால் மறுக்கும் அதிகாரம் இருப்பது வேறு, சோதனை நடத்துவது வேறு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் ஒன்றியத்தின் நலன் பற்றிய ஆய்வு தனி விதியாகவே இருக்கிறது; பயனாளர்களும் நுகர்வோர் அமைப்புகளும் தங்கள் தரப்பைச் சொல்ல அதில் இடம் உண்டு. அந்த ஒன்றியமே 2022 மார்ச்சில், நாம் தீர்வையைக் கைவிட்ட ஆறு வாரங்களில், இந்தியா, இந்தோனேசியா இரண்டின் துருப்பிடிக்கா உருக்குத் தகட்டின் மீதும் ஈட்டுத் தீர்வை விதித்தது. இந்தோனேசிய ஆலைகளுக்குச் சீனா தந்த ஆதரவையும் மானியக் கணக்கில் சேர்த்தது. அதன் முடிவுகள் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. யாருக்கு எவ்வளவு இலாபம், யாருக்கு எவ்வளவு நட்டம் என்ற கணக்கு அங்கே ஏட்டில் இருக்கிறது. நம் நிதிநிலை உரையில் இருப்பது ஒரு தொடர் மட்டுமே.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ‘பொது’ என்று சொன்னவுடன் பெருநகர ஆலைகளை நினைக்காமல், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருநாவலூர் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். சுந்தரர் பிறந்த ஊர் என்ற பெருமை உடையது. வயலும் கோயிலுமான ஊர். இங்கே துருப்பிடிக்கா உருக்கைத் தகடாக வாங்குபவர் அரிது. அது குடமாக, தூக்காக, தட்டாக, கல்யாணச் சீராக வருகிறது. உளுந்தூர்ப்பேட்டை வழியிலுள்ள கிரில் பட்டறைகளில் படிக்கட்டுக் கைப்பிடியாக வருகிறது. ஆலையில் உருட்டிய தகட்டை வட்டமாக வெட்டி, அச்சில் அழுத்தி, விளிம்பை மடித்து, பாலீஷ் போட்டுப் பாத்திரமாக்குவது திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் போன்ற இடங்களின் பட்டறைத் தொழிலாளர்கள். பாத்திரம் கடையில் எடைக்கு விற்கப்படுவதால் தகட்டு விலை மாறினால் அதன் விலையும் மாறும்.

ஒரு பாத்திரத்தின் விலை 100 ரூபாய் என்றும், அதில் தகட்டின் பங்கு 60 ரூபாய் என்றும் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். தகடு முழுவதும் சீனாவிலிருந்தே வந்து, தீர்வை முழுவதும் வாங்குபவர் தலையில் விழுந்தாலும் கூடுதல் 11 ரூபாய் சொச்சம். தகடு உள்நாட்டுடையதாக இருந்தால் நேரடியாக ஒன்றுமில்லை. இறக்குமதி விலையை ஒட்டி உள்நாட்டு ஆலைகளும் விலையை ஏற்றினால் அதில் ஒரு பங்கு. இது சிறிய தொகை என்று சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கும் குடும்பத்துக்கு அது கணிசமான தொகைதான். ஆனால் அதே குடும்பத்துப் பிள்ளை வேலை தேடிச் சேலம் போகலாம். அங்கே இந்திய உருக்கு ஆணையத்தின் ஆலை 1980களின் தொடக்கத்திலிருந்து இதே தகட்டை உருட்டுகிறது. அதை விற்றுவிட ஒன்றிய அரசே முயன்றதும் உண்டு. மலிவான பாத்திரமும் மெலிந்த ஆலையும் ஒரே வீட்டுக்குள் சந்திக்கும்போது ‘பரந்த பொதுநலன்’ எந்தப் பக்கம் என்பதை எண்ணிப் பார்க்காமல் சொல்லமுடியாது. எண்ணிப் பார்த்ததற்கான தடயம் உரையில் இல்லை.

உலோக விலை என்ற காரணமும் எல்லாத் தகட்டுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. 304 ரகத் தகட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு நிக்கல் உண்டு. பால் தொட்டி, உணவுத் தொழிற்சாலை போன்றவற்றுக்குப் போவது பெரும்பாலும் அது. சாதாரணப் பாத்திரங்களில் மிகுதியாகப் பயன்படும் 200 வரிசைத் தகட்டில் நிக்கல் மிகக் குறைவு. அந்த இடத்தை மாங்கனீசு நிரப்புகிறது. நிக்கல் ஏறினால் முன்னதுதான் முதலில் துள்ளும். திருநாவலூர் வீட்டின் தூக்குச் சட்டி அந்தத் துள்ளலை அவ்வளவு உணராது. ரகம் பிரிக்காமல் தீர்வை முழுவதையும் எடுத்த முடிவு, எளியவரின் பாத்திரத்தை மனத்தில் வைத்து எடுத்த முடிவு என்று வாதிடுவது கடினம்.

4

இந்த நாட்டில் ஈட்டுத் தீர்வை முதலில் வந்தது உலோகத்துக்காக அல்ல, சர்க்கரைக்காக. கர்சன் ஆட்சியில் 1899இல், ஜெர்மனியும் ஆஸ்திரிய–ஹங்கேரியும் ஏற்றுமதி மானியம் கொடுத்து அனுப்பிய பீட்ரூட் சர்க்கரைக்கு எதிராக அது விதிக்கப்பட்டது. அந்தத் தீர்வையால் உண்மையில் பயனடைந்தவர்கள் மொரிசியஸ் தோட்ட முதலாளிகளே என்ற குற்றச்சாட்டு அன்றே உண்டு; அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் அதன் அளவு மானியத்தின் அளவோடு கட்டப்பட்டிருந்தது. 1902இல் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை அத்தகைய மானியங்களை ஒழிக்க வகைசெய்த பிறகு தீர்வைக்கு அடிப்படை இல்லாமற்போயிற்று. கடையில் சர்க்கரை என்ன விலைக்கு விற்றது என்பது அதன் ஆயுளைத் தீர்மானிக்கவில்லை. 2022இல் அறுந்தது இந்தத் தொடர்புதான்.

5

தீர்வையால் ஆதாயம் பெற்றவை ஓரிரு பெரிய நிறுவனங்களே என்று சொல்லப்படும். உண்மையாகவே இருக்கட்டும், அது தீர்வையின் அளவைக் குறைக்கக் காரணமாகலாம், மானியக் கேள்வியையே மறக்கக் காரணமாகாது. ஆசியான் தடையற்ற வணிக உடன்பாட்டின் வழி இந்தோனேசியத் தகடு வந்துகொண்டிருக்கும்போது சீனத் தகட்டை மட்டும் தடுத்து என்ன பயன் என்பதும் அப்படித்தான். ஓட்டை இருப்பது கூரையைப் பிரிக்கக் காரணம் அல்ல. நிதிநிலை உரை ஓர் அரசியல் பேச்சு, அதில் இவ்வளவு தேடுவது மிகை என்பது மூன்றாவது மறுப்பு. அந்த உரையிலிருந்தே ஒரு சட்டச் சோதனையைக் கண்டெடுத்தவர்கள் இந்த மறுப்பை எழுப்ப இயலாது.

விலையைத் தணிக்க அரசுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. அடிப்படைச் சுங்க வரியை ஏற்றலாம், இறக்கலாம். பழைய இரும்புக்கு விலக்கு தரலாம், திரும்பப் பெறலாம். இவற்றுக்கு எவர் மீதும் எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை. ஈட்டுத் தீர்வை அப்படியல்ல. வேறொரு நாட்டு அரசின் செயலைப் பற்றி ஆய்ந்து சொன்ன முடிவு அது. அந்த முடிவு தவறென்று காட்டாமல் அதன் பலனை மட்டும் அழித்தால், அடுத்த விசாரணையில் சாட்சி சொல்ல வருபவருக்கும் கணக்கு ஒப்படைப்பவருக்கும் அந்த உழைப்பின் மதிப்பு என்ன என்ற கேள்வி எழும்.

2025 ஏப்ரலில் கலப்பு உருக்கு, கலப்பில்லா உருக்குத் தகடுகளுக்கு 12 விழுக்காடு தற்காலிகப் பாதுகாப்புத் தீர்வை 200 நாளுக்கு விதிக்கப்பட்டது. துருப்பிடிக்கா உருக்கு அதில் சேரவில்லை. பாதுகாப்புத் தீர்வைக்கு இறக்குமதி பெருகியதையும் பாதிப்பையும் காட்டினால் போதும், மானியத்தை நிறுவவேண்டியதில்லை. மானியம் யாருடையது, எவ்வளவு என்ற கடினமான கேள்வியைச் சுற்றிப்போகும் பழக்கம் வேரூன்றிவருகிறது என்றே இதை வாசிக்கிறேன். 2022 வாக்கியத்தைப் பொதுநலன் சோதனையின் பிறப்புச் சான்றாகக் காட்டுவது அந்தப் பழக்கத்துக்குக் கண்ணியமான பெயர் சூட்டுவதாகும். அது விலைக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் வைத்துப் படிக்கவேண்டிய வாக்கியம்.