கேஷ்: பெட்டியும் காசும்

ஆங்கிலத்தில் கேஷ் என்றால் ரொக்கம். தமிழின் ‘காசு’தான் அங்கே போய் ‘கேஷ்’ ஆயிற்று என்று பலர் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. எழுத்துக்கூட்டல் ஒன்றே ஆனாலும், ஆங்கில அகராதிகளில் கேஷ் இரண்டு தனிச் சொற்களாக இடம்பெறுகிறது. தமிழோடு உறவுள்ளது அவற்றில் ஒன்று மட்டுமே.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு மூலம் இலத்தீன். அம்மொழியில் ‘காப்சா’ என்றால் பெட்டி. இத்தாலியில் அது ‘காஸ்ஸா’ ஆகி, வணிகர்களின் பணப்பெட்டிக்குப் பெயரானது. 1494இல் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூல் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்குகிறது. கையிருப்புப் பணத்துக்கான கணக்கின் தலைப்பு அதில் காஸ்ஸா, அதாவது பெட்டி. பணம் வந்தால் பெட்டியின் பேரில் பற்று; போனால் பெட்டிக்கு வரவு. இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்து, பெட்டியையும் அதிலிருந்த பணத்தையும் குறித்தது. பின்னர் பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்தது. கேஷியர் என்ற பதவிப்பெயரும் இதே குடும்பம்தான். பெட்டி என்னும் பொருளுள்ள ‘கேஸ்’, மருந்துக்கூடான ‘கேப்சூல்’ இரண்டும் காப்சாவின் வழி வந்தவை. ஆனால் படை அதிகாரியைப் பதவி நீக்குவதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல்லுக்கு வேர் வேறு.

இரண்டாவது கேஷ் ஒரு சிறு நாணயத்தின் பெயர். சங்கப் பாடல்களில் மேகலையில் கோத்த மணியைக் குறித்த ‘காசு’, சோழர் கல்வெட்டுகளில் நாணயமாக வருகிறது. இச்சொல்லைப் போர்த்துக்கீசியர் ‘காயிஷா’ என்று உச்சரித்தனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர் என்பது தற்செயல். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதை கேஷ் என்று எடுத்துக்கொண்டனர். நடுவில் சதுரத் துளையிட்டுச் சரமாகக் கோக்கப்பட்ட சீனச் செப்பு நாணயங்களுக்கும் ஐரோப்பியர் இதே பெயரை வைத்தனர்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1803இலும் 1808இலும் இதற்கான செப்புக் காசுகள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகே மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் நீராவி எந்திரத்தால் அச்சடிக்கப்பட்டன. 1808ஆம் ஆண்டின் 20 காசு நாணயத்தில் ஒருபுறம் கம்பெனியின் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபதும் கேஷ் என்ற சொல்லும். இக்காசுகளைச் சென்னைக்கு ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் உடைந்து மூழ்கியது. 1980களில் மூழ்காளர்கள் அதிலிருந்து ஏராளமான காசுகளை மீட்டனர்.

1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியபின் அங்கே இந்தக் கணக்கு ஒழிந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1949 வரை நீடித்தது. இன்று நாணயச் சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் இடம்பெறும் கேஷ் தமிழ்க் காசு. கடைகளிலும் வங்கிகளிலும் புழங்கும் கேஷ் இலத்தீன் பெட்டி.