கோடாரிக் காம்பும் விலைக்கு வந்த யந்திரமும்

விறகு பிளக்கும் யந்திரத்தை விலைக்கு வாங்குவதா, பட்டறையில் நாமே செய்துகொள்வதா என்னும் வினா புதிதாகத் தோன்றினாலும், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வழியாகத் திருக்கோவில் வரை நீளும் கரைநாட்டிலே அதற்கு ஒருவகை விடை நெடுங்காலத்துக்கு முன்னரே கிடைத்திருந்தது. இப்பிரதேசத்துக் குடியானவன் கோடாரியின் இரும்பைக் கொல்லனிடம் விலைக்கு வாங்கினான். காம்பைத் தானே செதுக்கிக்கொண்டான். லொறிகள் பெருகிய பின்னர், தேய்ந்து கழித்த வில்தகட்டைக் காய்ச்சி அடித்து வாய் தீட்டிய கோடாரி பேரன் காலம் வரை உழைக்கும்; காம்போ, வைரமேறிய ஒரு கணுவிலே அடி தவறிப் பட்டால் அன்றே முறியும். முறிவதைத் தன் கையாலேயே செய்துகொள்ளவும், முறியாததை மாத்திரம் பிறரிடம் வாங்கவும் பழகியிருந்த அந்த ஏற்பாட்டைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது நியாயமாகாது. காட்டோரத்தில் விண்ணாங்குக் கிளையொன்றைத் தேர்ந்து, நிழலில் உலர்த்தி, தன் உயரத்துக்கும் கைப்பிடிக்கும் இசையச் சீவி எடுப்பவனுக்குக் கடையில் அடுக்கிய காம்பு எதுவும் அவ்வளவு பொருந்துவதில்லை.

அக்கருவியை எதிர்த்து நின்ற மரங்களும் சாமானியமானவை அல்ல. கிழக்கின் வறள்வனத்திலே பாலையும் வீரையும் முதிரையும் காயாவும் மிகுதி. அவற்றுள் பாலைக்கட்டை நீரிலிட்டால் மூழ்கிப்போகும் கனமுடையது. இத்தகைய மரத்தை வெறும் பலத்தினால் வெல்ல முயல்பவன் விரைவிலே களைத்துப்போவான். அடிமரத்தின் முகத்திலே உலர்வினால் விழுந்த வெடிப்பு எத்திசையில் ஓடுகிறது என்று பார்த்து, கணுவை விலக்கி, அந்த வெடிப்பிலே முதலடியை இறக்கி, பிளவு வாய் திறந்ததும் ஆப்பைச் செருகி அடிப்பதே அனுபவசாலியின் முறை. பெரிய மரங்களைப் பச்சையாயிருக்கும்போதே பிளந்து அடுக்கிவிட வேண்டும் என்பதும், காய்ந்து இறுகிய பின் அவை இரும்பையே திருப்பியனுப்பும் என்பதும் அவன் அறிந்தவை.

இவ்வித்தைக்கு ஊரார் முன்னிலையில் கௌரவம் கிடைத்தது கந்தூரி விருந்துக் காலங்களிலேதான். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லா நினைவாக ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்றமும் கந்தூரியும் பிரசித்தமானவை. கிடாரங்களில் சோறும் இறைச்சியும் வேகும் அத்தகைய சமையலுக்குச் சுள்ளிகள் போதா. நின்று எரியும் வைரக்கட்டைகள், ஒரே பருமனாகப் பிளந்து, முன்கூட்டியே உலர்ந்திருத்தல் வேண்டும். சகன் என்னும் பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்து உண்டவர்கள் சமைத்த பண்டாரியைப் புகழ்ந்திருப்பார்கள். விறகு கொத்தியவனை நினைத்தவர் சிலரே எனினும், அடுப்பின் சுவாலை ஏறாமலும் தாழாமலும் நின்றதற்குக் காரணன் அவனே.

இவ்வுலகத்துக்குள் பெரிய யந்திரங்கள் புகுந்த ஆண்டு 1949. பட்டிப்பளை ஆறென்று தமிழர் வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறிக்கும் வேலை, அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்து மொரிசன் நுட்சன் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம் உருவாயிற்று. மனிதர் பலர் நாட்கணக்கில் வெட்டவேண்டிய வனத்தைப் புல்டோசர்கள் பொழுதுக்குள் சாய்த்தன. நீர்ப்பாசனம் விரிய, வேளாண்மை விரிந்தது. எருமைகள் மிதித்த களவெட்டிக்குள் உழவு யந்திரம் வந்தது. பின்னர் இருசில்லு உழவு யந்திரம் சிறு விவசாயியின் முற்றத்துக்கே வந்து சேர்ந்தது.

இங்கேதான் பழைய கோடாரியின் நியாயம் மறுபடி தலைகாட்டிற்று என்பது என் கருத்து. யந்திரத்தை வாங்கியவர்கள் அதன் பின்னே இழுக்கும் பெட்டியை உள்ளூர் வெல்டிங் கடையிலே செய்வித்தார்கள். அதே எஞ்சினுக்குப் பட்டி மாட்டி நீரிறைத்தார்கள், சூடடித்தார்கள். விறகு பிளக்கும் யந்திரமும் இவ்வழியிலேயே பிறக்கத்தக்கது. பழைய மண்ணள்ளும் யந்திரத்தின் நீரழுத்த உருளையொன்று, எண்ணெய்ப் பம்பு ஒன்று, தடித்த இரும்புத் தூண், அதன் முனையில் ஒட்டிய ஆப்பு, இவை கிடைத்தால் வேலை ஆரம்பமாகிவிடும். பத்துச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள தண்டின்மீது சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிலோ வீதம் எண்ணெய் அழுத்துமாயின், ஆப்பின்மேல் இறங்கும் விசை பதினைந்து தொன்னுக்கு மேல். பாலைக்கட்டையாலும் இதற்கு முன் பிடிவாதம் செய்ய இயலாது. ஆயினும் தூணைச் செய்பவனால் உருளையையும் பம்பையும் குழாயையும் செய்ய இயலாது. குழாயில் ஊசித்துளை விழுந்தாலோ, பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். கையெடுத்தவுடன் தண்டை நிறுத்திவிடும் அடைப்பானை நல்ல தயாரிப்பாளர் பொருத்தியிருப்பார், வீட்டில் செய்பவர் பெரும்பாலும் மறந்திருப்பார். ஆகவே சட்டகத்தைச் செய்துகொள்க, அடைப்பானையும் குழாயையும் தயங்காமல் வாங்குக என்பேன். காம்பு முறிந்தால் காம்பு மாத்திரம் போகும். குழாய் வெடித்தால் கையே போய்விடும்.

அத்தகைய இருசில்லு உழவு யந்திரம் ஒன்றை 1950களில் வடிவமைத்தவர் கொழும்பில் பிறந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). தம் வடிவமைப்பை இங்கிலாந்தின் லாண்ட்மாஸ்டர் கம்பெனி உற்பத்தி செய்யக் கண்டவர். சிறு விமானங்களைத் தாமே கட்டி ஓட்டியவர். வாங்குதலையும் செய்தலையும் இருபுறமும் அறிந்தவர். அவரே பிற்காலத்தில், வெப்பமண்டல நிலத்துக்கு உழவு யந்திரத்தைப் பரப்பியது தவறென்று வெளிப்படையாகச் சொல்லி, வேலிக்கால்களாக நட்டுக் கிளையறுக்கத்தக்க சீமைக்கிளுவையை எரிபொருளாக்கும்படி வாதாடினார். 2005இல் இலங்கை அரசு அதனைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. அதன் கிளையை மணிக்கட்டுப் பருமனாகும் முன்பே தறித்தெடுப்பார்கள். பிளப்பதற்கு யந்திரம் வேண்டாம், கோடாரியும் வேண்டாம், வீட்டுக் கத்தியே போதும்.