கிருமிநீக்கக் கரைசலும் நீரின் வெப்பமும்: நோயாளிகளைப் பராமரிப்போர் அறிய வேண்டியவை

வெந்நீர் அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் எளிதில் அகற்றும். இதனால் கிருமிநீக்கி மருந்தையும் வெந்நீரில் கலந்தால் அதன் ஆற்றல் கூடும் எனப் பலர் எண்ணுகின்றனர். பிளீச்சிங் கரைசலைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறானது, ஆபத்தானதும் கூட.

வெந்நீரில் நிகழ்வது என்ன?

பிளீச்சிங் திரவத்தில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டே கிருமிகளை அழிக்கிறது. வெப்பம் கூடும்போது இச்சேர்மம் விரைந்து சிதைந்து தன் ஆற்றலை இழக்கிறது. துடைத்த தரை தூய்மையாகத் தோன்றினாலும் கிருமிகள் எஞ்சியிருக்கலாம். மேலும், சூடான கரைசலிலிருந்து எழும் ஆவி கண்களையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இதனால் மூச்சுத்திணறல் ஏற்படக்கூடும். எனவே எப்போதும் குளிர்ந்த அல்லது அறை வெப்பநிலையில் உள்ள நீரையே பயன்படுத்துங்கள்.

கரைசல் தயாரிக்கும் முறை (5 சதவீதத் திரவம்)

• தரை, கட்டில் கம்பி, கதவுப்பிடி: 1 லிட்டர் நீரில் 20 மி.லி. திரவம்.
• இரத்தம், வாந்தி சிந்திய தரை: 1 பங்கு திரவத்துடன் 4 பங்கு நீர்.

முதலில் கையுறை அணிந்து, சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் துடையுங்கள். பின்னர் கரைசலை ஊற்றிக் குறைந்தது 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும். கரைசலை நாள்தோறும் புதிதாகத் தயாரியுங்கள்.

துணிகளுக்கும் கம்பளங்களுக்கும்

• இரத்தக்கறை படிந்த துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் இரத்தப் புரதத்தை உறையச் செய்து கறையை நிலைக்கச் செய்யும்.
• நொதி கலந்த சலவைத்தூளுக்கு வெதுவெதுப்பான நீர் போதும். மிகுந்த வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்யும்.
• தூசிப் பூச்சியால் ஒவ்வாமை உள்ளவர்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒரு முறை 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவையுங்கள். இங்கு வெந்நீரே பூச்சியைக் கொல்கிறது.
• கம்பளத்தில் பிளீச்சிங் திரவத்தை ஊற்ற வேண்டாம். இழையும் நிறமும் கெடும். வெந்நீர் இயந்திரத்தால் கம்பளத்தைத் தூய்மை செய்தால், அது 24 முதல் 48 மணி நேரத்திற்குள் நன்கு உலர்வதை உறுதி செய்யுங்கள். ஈரம் நீடித்தால் பூஞ்சை வளரும். உலரும் வரை நோயாளியை வேறு அறையில் தங்க வையுங்கள்.

ஒருபோதும் செய்யாதீர்கள்

பிளீச்சிங் திரவத்துடன் கழிவறை தூய்மை செய்யும் அமிலத்தையோ, வினிகரையோ, அம்மோனியா கலந்த பொருளையோ சேர்க்காதீர்கள். நச்சு வாயு வெளிப்படும். குடிநீர்ப் புட்டிகளில் கரைசலை ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகளும் முதியோரும் தவறுதலாகக் குடித்துவிடக்கூடும்.

உடனடி உதவி

• ஆவியைச் சுவாசித்தால்: உடனே காற்றோட்டமான இடத்திற்குச் செல்லுங்கள்.
• கண்ணில் பட்டால்: ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.
• விழுங்கினால்: வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மூச்சுத்திணறல், தொடர் இருமல், நெஞ்சு இறுக்கம் இருப்பின் தாமதிக்காமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.