விடியற்காலைச் சர்க்கரை



சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு இனிப்புநீர் இருந்தது. வெறும் வயிற்றோடு இரத்தம் சோதிக்கப் போவார். அளவு கூடியே இருக்கும். "ராத்திரி என்னத்தத் திருடித் தின்னீங்க?" என்று ஒருமுறை அங்கே கேட்டுவிட்டார்கள். அந்தச் சொல் அவரைச் சுட்டது. அன்றிலிருந்து இராச்சாப்பாடு இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டாகச் சுருங்கியது. மாலையில் போடும் ஊசி சுருங்கவில்லை. நள்ளிரவில் உடல் நனைய வியர்த்து ஏதேதோ உளறுவார். காற்றுச் சேட்டை என்று முனியாண்டி கோயில் கயிற்றைக் கட்டினோம்.

உண்ணாத வயிற்றில் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

பிரான்சு நாட்டின் கிளாட் பெர்னார் 1848இல் இதற்கு விடை கண்டார். இறைச்சியை மட்டும் தின்ற நாயின் கல்லீரலிலிருந்து வெளியேறிய இரத்தத்திலும் சர்க்கரை இருந்தது. கல்லீரலே சர்க்கரையைச் செய்கிறது, சேமித்தும் வைக்கிறது. நாம் உறங்கும்போது மூளைக்குப் படியளப்பது அந்தச் சேமிப்புத்தான்.

1922இல் டொரோண்டோவில் இன்சுலின் ஊசி முதன்முதலாக நோயாளிக்குப் போடப்பட்டது. அதன் வேகம் சில மணி நேரமே நின்றது. டென்மார்க்கின் ஹாகெடோர்ன் 1936இல் மெல்ல வேலை செய்யும் இன்சுலினை வெளியிட்டார். 1946இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வகையும் உருவாயிற்று. பாலைப்போல் கலங்கலான அந்த மருந்தை மாலையில் போட்டால் நள்ளிரவை ஒட்டி உச்சத்திற்கு ஏறும், விடியுமுன் தளரும்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் சொமோகி 1938இல் ஒரு புதுக்கருத்தைச் சொன்னார். இரவில் இன்சுலின் மிகுந்து சர்க்கரை தாழ்ந்தால் உடல் அஞ்சிக் கல்லீரலைத் திறந்துவிடுகிறது. ஆகவே காலையில் அளவு ஏறுகிறது. அப்போது மருந்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள் என்றார். காலையில் சர்க்கரை கூடினால் ஊசியையும் கூட்டிய காலத்தில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். 1959இல் விரிவாகவும் எழுதினார். மருத்துவ நூல்கள் இதை ஏற்றுக்கொண்டன.

1981இல் ஷ்மிட் முதலிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டு, அதை விடியல் நிகழ்வு என்று குறித்தனர். இரவில் சர்க்கரை தாழாதவர்களுக்கும் விடியலில் ஏறுகிறது. தோட்டத்தில் பெரட்டு மணி அடிக்குமுன்பே லயமெங்கும் அடுப்பு எரியத் தொடங்குமல்லவா? உடலும் அப்படித்தான். உறக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஊக்குநீரும், விடியலில் பெருகும் கார்ட்டிசோலும் கல்லீரலைச் சர்க்கரை விடச் செய்கின்றன, இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகின்றன. நோயற்றவரின் கணையம் சற்றுக் கூடுதலாகச் சுரந்து ஈடு செய்துவிடும். இனிப்புநீர்க்காரருக்கு அது முடிவதில்லை.

1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற தொடர் அளவுக் கருவி இந்த வழக்கில் நல்ல சாட்சியாயிற்று. தோலின்கீழ் நுழைத்த நுண்கம்பி இரவு முழுதும் கணக்கெடுத்தது. நள்ளிரவில் தாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலும் தாழ்வாகவே இருந்ததாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. சொமோகி சொன்ன துள்ளல் அரிதே. ஆயினும் அவருடைய எச்சரிக்கையை நான் தள்ளமாட்டேன். இரவுத் தாழ்வு தன்னளவிலேயே ஆபத்தானது. என் பாட்டிக்கு இரண்டும் நடந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். உச்சத்தில் ஊசி, வயிற்றில் இரண்டு பிஸ்கட். விடியலில் ஊசி ஓய்ந்தது, கல்லீரல் ஓயவில்லை. திருட்டு எங்கே நடந்தது?

2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய். இந்தியரிடையேதான் மிகுதி. ஈப்போவின் தாமான்களில் நம்மவர் வீடுகள் பலவற்றில் விரல்குத்திக் கருவி இருக்கிறது; ஆனால் பலரும் காலையில் மட்டுமே குத்திப் பார்க்கிறார்கள்.

இன்சுலின் போடுபவர் படுக்குமுன், விடிகாலை 3 மணிக்கு, எழுந்தவுடன் என்று சில நாள் அளவெடுத்துக் குறிக்கட்டும். 3 மணிக்குச் சரியாக இருந்து 6 மணிக்கு ஏறினால் விடியல் நிகழ்வாகலாம். மூன்று வேளையும் கூடுதலென்றால் உணவோ மருந்தோ உரிய அளவில் அமையவில்லை. குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசியின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். 4க்குக் கீழே வந்தால் விடியட்டும் என்றிராமல், 3 தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.