ஹாஷ் மதிப்பும் அதற்கு முந்தைய இடைவெளியும்: காவல்துறைப் படச் சான்றுகள் குறித்து

சம்பவ இடத்தில் எடுத்த படமும் நீதிமன்றத்தில் காட்டப்படும் படமும் ஒன்றுதானா? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) இதற்கு ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் குறியீட்டை, விடையாக முன்வைக்கிறது. 63(4)ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது அதன் ஹாஷ் மதிப்பைக் குறிக்கும் சான்றிதழும் உடன் வர வேண்டும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இதைக் கேட்கவில்லை. முன்னேற்றம்தான். ஆனால் ஹாஷ் எப்போது கணக்கிடப்பட வேண்டும் என்பதைப் புதிய பிரிவும் சொல்லவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். ஆயினும் அது கணக்கிடப்பட்ட நொடிக்குப் பிந்தைய மாற்றத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். புலனாய்வு அதிகாரி கைபேசியில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் நிலையத்துக்கு வந்து, கணினியில் ஏறி, குற்றப்பத்திரிகைக்காகக் குறுந்தகட்டில் பதிவாகிறது என்று கொள்வோம். வழியிலேயே வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், கேமரா போன்ற உள்விவரங்களை நீக்கியிருக்கும். குறுந்தகட்டுக் கோப்புக்குக் கணக்கிட்ட ஹாஷ் துல்லியமாகவே இருக்கும். முந்தைய பயணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மாறாக, மூலக் கோப்புக்கு முதலிலேயே ஹாஷ் எடுத்துவிட்டு வாட்ஸ்அப் நகலைத் தாக்கல் செய்தால், எவரும் திருத்தாத படமும் பொருந்தாமல் போகும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும்.

சான்றிதழ்ப் படிவம் எஸ்எச்ஏ-256 உடன் எம்டி5, எஸ்எச்ஏ-1 முறைகளையும் ஏற்கிறது. ஒரே எம்டி5 மதிப்புடைய இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது 2004இலேயே நிறுவப்பட்டது; எஸ்எச்ஏ-1க்கு 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் அதைச் செய்துகாட்டின. இதனால் போலிப் படம் நுழையுமோ என்ற அச்சம் சில வேளை மிகைப்படுத்தப்படுகிறது. பிறர் எடுத்துப் பூட்டிவைத்த படத்துக்கு அதே ஹாஷ் கொண்ட போலியைச் செய்வது வேறு, மிகக் கடினமான வேலை. இரு கோப்புகளையும் தாமே தயாரிப்பவருக்குத்தான் இந்த ஓட்டை பயன்படும். காவல்துறைப் படங்களில் எடுப்பதும் வைத்திருப்பதும் ஒரே தரப்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

அழிந்துபோன பதிவுக்கு ஹாஷும் உதவாது. 2020இல் காவல்துறையின் பிடியில் தந்தையும் மகனும் உயிரிழந்த சாத்தான்குளம் வழக்கில், நிலையத்தின் சிசிடிவி சேமிப்பில் போதிய இடமிருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரித்த நீதித்துறை நடுவர் பதிவுசெய்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையப் பதிவுகளை 18 மாதம் காக்கும் கருவிகளைக் கோரியது. அவை கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனை, கைப்பற்றுகையின் காணொளிப் பதிவுகளைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. காணொளிக் கோப்பு பெரிது. தாமதத்துக்குச் சாக்கு எளிதில் கிடைக்கும். எஸ்எச்ஏ-256 மதிப்போ வெறும் 64 எழுத்துகள். அதைச் சம்பவ இடத்திலேயே கணக்கிட்டு, சாட்சிகள் கையொப்பமிடும் முன் மகஜரில் சேர்த்து, அந்த மணி நேரத்திலேயே நடுவர் நீதிமன்றத்துக்குச் செய்தியாக அனுப்பிவிடலாம். சம்பவ இடப் புகைப்படங்களுக்கும் இதையே கட்டாயமாக்க வேண்டும். ஹாஷ் மதிப்பை நிலைய எழுத்தர் கையால் எழுதாமல், கருவியே அச்சிட வேண்டும்.