தவறிய நோயறிதலும் மருத்துவரின் குற்றவுணர்வும்

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயைக் கண்டுபிடிக்கத் தவறி, அதனால் நோயாளி இறந்தாலோ கடுமையாகப் பாதிக்கப்பட்டாலோ, அவரைப் பார்த்த மருத்துவரை வாட்டும் மன உளைச்சல் வெகுகாலம் பேசப்படாமலே இருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் வூ, 2000-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய சிறு கட்டுரையில் அத்தகைய மருத்துவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று குறித்தார். தம்முடன் பயிற்சியில் இருந்த ஒருவரை அதில் நினைவுகூர்கிறார். இதய உறைக்குள் திரவம் தேங்கி இதயத்தை நெருக்குவதை அந்த மருத்துவர் இ.சி.ஜி.யில் கவனிக்கவில்லை, இரவில் நோயாளியை அவசரமாக அறுவை அரங்குக்குக் கொண்டுபோக நேர்ந்தது. சக மருத்துவர்கள் அவரைத் திறமையற்றவர் என்று முடிவுகட்டினார்கள். தானும் அதே தவறைச் செய்திருக்கலாமோ என்ற எண்ணம் வூவுக்கு எழுந்தது. அதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அவசரப் பிரிவில் இந்த வேதனைக்குத் தனித்தன்மை உண்டு. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு இ.சி.ஜி. சரியாக இருக்கிறது, வாயுத் தொல்லைக்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். சில நாள் கழித்து, அது பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்ததால் வந்த வலி என்ற செய்தி அடுத்த டியூட்டிக்காரர் மூலம் காதுக்கு வருகிறது. மருத்துவர் கேஸ் ஷீட்டைத் தேடி எடுக்கிறார். 'முதுகிலும் வலி' என்று செவிலியர் எழுதிய வரி இப்போது பளிச்சென்று கண்ணில் படுகிறது. அன்று காத்திருந்த மற்ற நோயாளிகள் யாரும் அந்தத் தாளில் இல்லை.

முடிவு தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். உளவியலாளர் பரூக் ஃபிஷாஃப் 1975-ல் இதைச் சோதித்துக் காட்டினார். 1814-ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிப் படிக்கக் கொடுத்து, சிலரிடம் மட்டும் முடிவு இன்னது என்று சொன்னார். அவர்கள் அந்த முடிவையே அதிகம் எதிர்பார்க்கத்தக்கது என்று மதிப்பிட்டார்கள். தெரிந்ததை மறந்துவிட்டு யோசிக்கச் சொன்னபோதும் முடியவில்லை. தன்னைத்தானே விசாரிக்கும் மருத்துவரும் இந்த மயக்கத்துக்கு ஆளாகிறார்.

மிசூரி பல்கலைக்கழகத்தின் சூசன் ஸ்காட் குழு, இத்தகைய அனுபவமுள்ள 31 பேரைப் பேட்டி கண்டு, மீட்சியை ஆறு கட்டங்களாக 2009-ல் விவரித்தது. முதலில் குழப்பம், பிறகு அந்த நிகழ்வே தூக்கத்திலும் வேலையிலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். 'இனி என்னை யார் நம்புவார்கள்' என்ற அச்சம், விசாரணை, யாரிடம் பேசுவது என்ற தேடல் ஆகியவை அடுத்தடுத்து வரும். கடைசியில் சிலர் பணியை விடுகிறார்கள், சிலர் வலியோடு தொடர்கிறார்கள், சிலர் அதிலிருந்து கற்று மேம்படுகிறார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்கு உடன் வேலை செய்பவர்களின் ஆதரவே போதும் என்றும், 10 சதவீதத்தினருக்கு நிபுணர் உதவி வேண்டும் என்றும் அக்குழு பின்னர் மதிப்பிட்டது.

"உன் மேல் தப்பே இல்லை" என்று தட்டிக்கொடுப்பது உதவியாகாது. வூவும் அவரது குழுவினரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில் 114 பயிற்சி மருத்துவர்கள் தங்கள் தவறுகளை விவரித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு நோயறிதல் தவறுகள். பொறுப்பேற்று, பிறருடன் பேசியவர்களே அதிகமாகத் தங்கள் சிகிச்சை முறையை நல்லவிதமாக மாற்றிக்கொண்டார்கள். ஆனால் மூத்த மருத்துவரிடம் சொன்னவர்கள் 54 சதவீதம். நோயாளியிடமோ குடும்பத்திடமோ சொன்னவர்கள் 24 சதவீதம் மட்டுமே.

மருத்துவத் தவறுகளில் தம்மவரைப் பறிகொடுத்தோர் 2019-ல் அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், மருத்துவரைப் பாதிக்கப்பட்டவர் என்பதையே கைவிடக் கோரினார்கள். அது பொறுப்பை மங்கவைக்கிறது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம் அது. நடந்ததை மறைக்காமல் நோயாளியிடமோ குடும்பத்திடமோ சொல்வதை இங்கிலாந்து 2014-ல் மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமையாக்கியது. அந்தச் சட்டப்படி வருத்தம் தெரிவிப்பதும் அதில் அடங்கும்.