செல்லப்பா திறந்த கதவு

இரவல் போன புத்தகம் வீடு திரும்பாது என்பது புத்தகப் பிரியர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அது தெரிந்தும், "வந்து படியுங்கள்" என்று தம் வீட்டுக் கதவை ஊராருக்குத் திறந்துவிட்டார் ஒருவர். அவர்தான் யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற உத்தியோகம் பார்த்த கே. எம். செல்லப்பா. ஆண்டு 1933.

வீடு போதவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். 1934 ஆகஸ்டு முதல் தேதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூல்நிலையம் திறந்தார்கள். மூலதனம் 844 புத்தகங்களும் சில பத்திரிகைகளும்! மறு வருஷமே அதை நகரசபை ஏற்றுக்கொண்டது.

நம் பக்கத்தில் காரியம் வேறு விதமாக நடந்தது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் விடாமல் வாதாடினார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்று சேர்வராயன் மலைமேல் வெள்ளக்கடையில் வீட்டுவரி கட்டுகிறவரும் அதோடு நூலக வரி சேர்த்தே கட்டுகிறார். யாழ்ப்பாணத்தாரோ சட்டத்துக்குக் காத்திராமல், களியாட்ட விழா நடத்திக்கூடப் பணம் சேர்த்தார்கள். லாங் பாதிரியார் முன்னின்று உழைத்தார். ரங்கநாதன் யோசனை சொன்னார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த திராவிடபாணி மாளிகை 1959 அக்டோபர் 11ஆம் தேதி திறக்கப்பட்டது.

பெட்டியில் கிடந்தால் செல்லரிக்கும், பொது இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தானே ஜனங்கள் பரம்பரை ஏடுகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்! அங்கேயும் ஓலைச் சுவடிகளும் அபூர்வ நூல்களும் சேர்ந்தன. மொத்தம் ஏறக்குறைய 97,000.

1981இல் தேர்தல் கலவரம் மூண்டது. ஓர் இரவு போலீஸ்காரர்களும் அவர்களோடு வந்த குண்டர்களும் அந்த மாளிகைக்குத் தீ வைத்தார்கள். எரிவதைத் தூரத்திலிருந்து கண்ட தாவீது அடிகள் என்ற பன்மொழிப் புலவர் அதிர்ச்சியில் உயிர் நீத்தார். அச்சு நூலைத் தேடினால் இன்னொரு பிரதி கிடைக்கலாம். ஒரே பிரதியாக இருந்த சுவடிக்கு எங்கே போவது?

அப்படியானால் பொது இடத்தை நம்பியது தவறா? அவரவர் வீட்டுப் பரணிலேயே வைத்திருக்கலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. பரணில் கிடக்கும் ஏடும் ஒற்றை ஏடுதான். அதை யாரும் படிக்கவும் முடியாது. குறை, பிரதி எடுத்து வைக்காததில் இருக்கிறது.

1998இல் செங்கல்லும் புத்தகமும் கேட்டு இயக்கம் நடத்தி, மாளிகையை மறுபடி எழுப்பத் தொடங்கினார்கள். இன்று அது வாசகர்களோடு நிற்கிறது. ஆனால் அதைவிட எனக்கு ஆறுதல் தருவது வேறொன்று. 2005இல் சில ஈழத்து அன்பர்கள் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றும் வேலையைத் தொடங்கினார்கள். அதற்கு 'நூலகம்' என்றே பெயர் வைத்தார்கள். அங்கே யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். எத்தனை பேர் எடுத்துப்போனாலும் மூலம் குறைவதில்லை. வெள்ளக்கடையில் இருப்பவருக்கும் அது திறந்தே இருக்கிறது.

இரவல் கொடுத்தும் புத்தகம் வீட்டை விட்டுப் போகாத இந்த ஏற்பாட்டைச் செல்லப்பா பார்த்திருந்தால், நிச்சயம் சந்தோஷப்பட்டிருப்பார்.